நூற்றில் மூன்று பேர்

2007ஆம் ஆண்டின் ஒரு மாலை. கொழும்பில் ஒரு துணிக்கடையில் மகளுக்குப் பிறந்தநாள் சட்டை வாங்கிக்கொண்டு வெளியேறினேன். வாசலின் இருபுறமும் நின்ற வெண்ணிறக் கம்பங்களுக்கு இடையே கால் வைத்ததும் 'கீ... கீ...' என்று ஓர் அலறல். கடையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். காவலாளி என் பையைப் பிடித்துக்கொண்டார். பணம் செலுத்திய பற்றுச்சீட்டு சட்டைப்பையில்தான் இருந்தது. ஆனால் அவர் கேட்டது பற்றுச்சீட்டை அல்ல, அடையாள அட்டையை.

அந்நாளைய கொழும்பு எப்படி இருந்தது என்பதை வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சோதனைச் சாவடிகளில் அட்டையை நீட்டி நீட்டிப் பழகிய கை, கடைவாசலிலும் அதை எடுத்து நீட்டியது. பிறந்த இடம் என்ற வரியில் அவர் கண் சற்று நேரம் நின்றது. அதற்குள் காசாளராக இருந்த பெண்பிள்ளை ஓடிவந்தாள். "சொறி சேர், ஸ்டிக்கரைப் பலகையில் வைக்க மறந்துவிட்டேன்" என்றாள். மூன்று நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிட்டது.

அன்று அந்தக் கடையில் எனக்குத் தெரிந்த ஒருவரும் நின்றிருந்தார். மறுநாள் அலுவலகத்தில் சந்தித்தபோது என்ன நடந்தது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவர் கேட்காமல் விட்டதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

இந்தப் பழைய கதையை இப்போது எழுதக் காரணம் என் தங்கையின் மகன்.

நோன்புப் பெருநாளும் சித்திரைப் புத்தாண்டும் ஒரே வாரத்தில் வந்த 2024ஆம் ஆண்டு, விடுமுறைக்குச் சில நாட்கள் முன்னதாகவே ஊருக்குப் போயிருந்தேன். எங்கள் ஊர் வினாயகபுரம். திருக்கோவிலுக்குத் தெற்கே, பொத்துவில் செல்லும் வீதியில், கடலை அண்டிக் கிடக்கும் கிராமம். 2004 டிசெம்பர் 26ஆம் திகதி காலையில் கடல் ஊருக்குள் வந்தபோது என் மருமகனுக்கு ஆறு வயது. முதலாம் ஆண்டுப் புத்தகங்களையும் தகப்பனின் வானொலித் திருத்தும் கடையையும் ஒரே நாளில் இழந்தவன். பின்னர் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்து, கட்டாரில் பெரிய அங்காடிகளில் மூன்று ஆண்டுகள் வேலை செய்து, ஊர் திரும்பி, கொழும்பு நிறுவனம் ஒன்றின் கிழக்குப் பகுதித் தொழில்நுட்பவியலாளனாக இருக்கிறான்.

"என்ன வேலை மகன் அது?" என்று கேட்டேன்.

"கடைகளில திருட்டுப் பிடிக்கிற கம்பம் பூட்டுறது மாமா."

'கீ... கீ...' என்ற அந்த ஒலி பதினேழு ஆண்டுகள் கழித்து மறுபடியும் காதில் கேட்டது. "நீயா அதைப் பூட்டுகிறவன்?" என்றேன். அவனுக்கு என் குரலில் இருந்த வெப்பம் விளங்கவில்லை. "இண்டைக்கு இரவு கல்முனையில வேலை. வாறீங்களா?" என்று கேட்டான். போனேன்.

அவனுடைய மோட்டார் சைக்கிளின் பின்னால் அமர்ந்து தம்பிலுவில், அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, ஒலுவில், நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது என்று தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறிமாறி வரும் அந்த நெடுவீதியில் போவதே ஒரு சுகம். தறாவீஹ் தொழுகை முடிந்து சனங்கள் வீதிக்கு வந்துகொண்டிருந்தார்கள். கல்முனைக் கடைகளெல்லாம் பெருநாள் விளக்குகளில் மின்னின. நாங்கள் போன கடை இரண்டு மாடி. கீழே பலசரக்கு, மேலே புடவை. உரிமையாளர் ஹாஜியார் அறுபதைத் தாண்டியவர்.

"சேர், இந்தக் கம்பத்துக்கு முதல் எனக்கு ஆசையே இல்ல" என்று அவரே பேச்சைத் தொடங்கினார். "என்ட வாப்பா காலத்தில கடைக்குக் கதவே சாத்துறதில்ல. பால்மா விலை ஏறினதோடதான் எல்லாம் மாறிச்சி."

அது உண்மை. 2021 ஒக்டோபர் வரை 380 ரூபாவாக இருந்த 400 கிராம் பால்மாப் பொதி, 2022 மார்ச்சில் 790 ரூபாவானது. ஆறு மாதத்துக்குள் இரண்டு மடங்குக்கும் மேல். சம்பளம் அப்படி ஏறவில்லை. அதுவரை கை நீட்டாதவர்களும் நீட்டினார்கள் என்றார் ஹாஜியார். முதலில் பால்மாவைக் கண்ணாடி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாராம். கேட்டு வாங்கக் கூச்சப்பட்டு நல்ல வாடிக்கையாளர்கள் வராமல் போனார்கள். கடைசியில்தான் கம்பத்துக்கு இணங்கியிருக்கிறார்.

நான் கலைப்பட்டதாரி. பௌதிகம் எனக்குக் க.பொ.த. சாதாரண தரத்தோடு முடிந்த பாடம். ஆயினும் அன்றிரவு மருமகன் சொன்னவை விளங்கின. விளங்கியவரை எழுதுகிறேன்.

விரல் நீளமுள்ள அந்தச் சிறிய பிளாஸ்டிக் பட்டையைப் பலரும் பார்த்திருப்பீர்கள். 'டேக்' என்கிறார்கள். அதைப் பிரித்தால் உள்ளே மின்கலமோ கம்பியோ இல்லை. தாளைவிட மெல்லிய பளபளப்பான உலோக நாடாக்கள் சில, ஒட்டாமல் தளர்வாகக் கிடக்கின்றன. அவற்றுக்கு அருகே இன்னோர் உலோகப் பட்டி. அது ஒரு வலுக்குறைந்த காந்தம். வாசற்கம்பம் விநாடிக்குப் பல தடவை, 58 கிலோஹேர்ட்ஸ் மீடிறனில், காந்தத் துடிப்புகளை அனுப்புகிறது. மீடிறன் என்று நான் சொன்னதும் அவன் சிரித்தான். "பள்ளிக்கூடத்தோட விட்ட சொல்லு மாமா, இப்ப பிரீகுவென்சிதான்" என்றான். துடிப்பு பட்டதும் மெல்லிய நாடா நுண்ணியதாக நீண்டு சுருங்கி அதிர்கிறது. துடிப்பு நின்ற பிறகும் அந்த அதிர்வு சற்று நேரம் நீடிக்கிறது. கம்பம் அந்த மௌன இடைவெளியில்தான் காதுகொடுத்துக் கேட்கிறது.

"திருக்கோவில் கோயில் மணி மாதிரி மாமா. அடிச்சி விட்டாப் பிறகும் ரீங்காரம் இரிக்கும்தானே. அந்த ரீங்காரத்தைத்தான் கம்பம் பிடிக்கிறது."

பக்கத்தில் இருக்கும் காந்தப் பட்டிதான் நாடாவைச் சரியான சுருதியில் வைத்திருக்கிறது. பணம் செலுத்தும் மேசையில் பதித்த பலகை, திசை மாறிமாறித் தணிந்துபோகும் ஒரு காந்தப்புலத்தை எழுப்பி அந்தப் பட்டியின் காந்தத்தை நீக்கிவிடுகிறது. அதன் பிறகு நாடா சுருதி மாறிவிடும். கம்பத்துக்கு அது கேட்காது. டேக் 'செத்துப்போச்சு' என்பது கடைக்காரர் பேச்சு. வலுவான காந்தம் ஒன்று நெருங்கினால் செத்த டேக் மீண்டும் உயிர்பெறவும் கூடும். இதைத் தவிர 8.2 மெகாஹேர்ட்ஸில் இயங்கும் இன்னொரு வகையும் உண்டு. சதுரத் தாளில் சுருள் ஒட்டியிருக்கும். அதன் மின்கொள்ளளவியில் வேண்டுமென்றே ஒரு பலவீனமான புள்ளி வைத்திருப்பார்கள். மேசைப் பலகை அந்தப் புள்ளியை உடைத்து அதைக் கொல்லும்.

இந்தத் தொழிலின் தொடக்கமும் ஒரு கடைவாசலில்தான். 1960களில் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து அக்ரன் நகரில் ரொனால்ட் அசாஃப் என்பவர் ஒரு மளிகை அங்காடியின் முகாமையாளராக இருந்தார். வைன் போத்தல்களோடு ஓடிய ஒருவனைத் துரத்திப் பிடிக்க முடியாமல் திரும்பியதிலிருந்துதான் இப்படியொரு கருவியைப் பற்றிய யோசனை அவருக்குப் பிறந்தது என்பார்கள். பின்னர் சென்சர்மட்டிக் என்ற பெரும் நிறுவனத்தை அவர் உருவாக்கினார். அதே காலத்தில் ஆர்தர் மினாசி என்பவரும் இதே முயற்சியில் இறங்கியிருந்தார். நான் பார்த்த 58 கிலோஹேர்ட்ஸ் முறை 1980களில் வந்தது. ஓடுகிறவனைப் பிடிக்கப் பிறந்த கருவி, ஓடாதவர்களையும் பிடிக்கும் என்பது அக்ரன் வாசலில் தெரிந்திருக்காது.

கடை பூட்டியபின் வேலை தொடங்கியது. கம்பம் நட்டு மின்சாரம் கொடுத்ததும் யாருமே கடக்காமல் அது அலறியது. மருமகன் பதறவில்லை. கடையின் மின்விளக்குகளை ஒவ்வொன்றாக அணைக்கச் சொன்னான். குளிரூட்டி, தராசு, கணினி, பெயர்ப்பலகை என்று ஒவ்வொன்றையும் அணைத்து அணைத்துப் பார்த்தான். கடைசியில் அகப்பட்டது, வாசலில் பெருநாளுக்காகத் தொங்கவிட்ட மின்மினி விளக்குச் சரத்தின் மலிவான மின்வழங்கி. அது வெளியிடும் இரைச்சல் கம்பம் கேட்கும் மீடிறனுக்கு அருகிலேயே விழுந்திருக்கிறது. சரத்தைக் கழற்றியதும் கம்பம் அமைதியானது. "பெருநாள் விளக்கையா கழட்டுற?" என்று ஹாஜியார் முகம் சுருங்க, வேறு மின்வழங்கி மாற்றிக் கொடுத்தான்.

கம்பத்துக்கு அருகே முதியவர்கள் இளைப்பாற ஒரு வாங்கு போட்டிருந்தார்கள். அதைத் தூர நகர்த்தினான். இதயத்துடிப்புச் சீராக்கி பொருத்தியவர்கள் இத்தகைய கம்பங்களைச் சாதாரணமாகக் கடந்து போகலாம், அருகில் தங்கி நிற்கவோ சாய்ந்திருக்கவோ கூடாது என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1998இலேயே எச்சரித்திருக்கிறது. எந்தப் பொதுமகனுக்கும் தெரியாத அந்த எச்சரிக்கை வினாயகபுரத்துப் பிள்ளைக்குத் தெரிந்திருந்தது எனக்கு வியப்பு.

அடுத்தது மேசைப் பலகை. ஒரு பையில் நூறு டேக்குகள் கொண்டுவந்திருந்தான். அவற்றை நூறு பொருட்களில் ஒட்டி, ஒவ்வொன்றாகப் பலகைமேல் செலுத்தி, கம்பத்தைக் கடந்து பார்த்தோம். நானும் கூலியில்லாத வேலையாளாக நடந்தேன். தொண்ணூற்றேழு பொருட்கள் சத்தமின்றிக் கடந்தன. மூன்று அலறின.

ஹாஜியாருக்குத் திருப்தி. "தொண்ணூற்றேழு நல்ல மார்க்ஸ்தானே தம்பி. சஹருக்கு எழும்பணும், போய்ப் படுங்க."

மருமகன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். பிறகு மெல்லக் கேட்டான். "அந்த மூண்டு பேரும் ஆரு ஹாஜியார்?"

"எந்த மூண்டு பேர்?"

"நாளைக்குக் காசு குடுத்துச் சாமான் வாங்கிப்போட்டு வாசல்ல சத்தம் கேட்டு நிக்கப்போற மூண்டு பேர். உங்கட கடைக்குப் பெருநாள் நாளையில அறுநூறு பேர் வருவாங்க எண்டீங்க. ஆளுக்கு ஒரு டேக் எண்டாலும் பதினெட்டுப் பேர் வருது."

ஹாஜியார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு உள்ளே திரும்பி, "பிளேன்ரீ ஊத்துங்க" என்றார். சஹர் வரை வேலை நடக்கும் என்பதற்கு அதுவே அறிவிப்பு.

அந்த மூன்றுக்கும் காரணம் தேடினான். மேசை முழுதும் துருப்பிடியா உருக்குத் தகடு. பலகையைச் சூழ்ந்த உலோகம் அதன் காந்தப்புலத்தை விழுங்கிக்கொண்டிருந்தது. தகட்டை வெட்டி, பலகையைச் சுற்றிலும் பிளைவுட் வைத்தான். அடுத்து, கம்பமும் பலகையும் மின்சாரத்தின் வெவ்வேறு அவத்தைகளில் இணைந்திருந்தன. இந்தக் கருவிகள் ஆடலோட்டத்தின் ஏற்ற இறக்கத்தையே கடிகாரமாகக் கொண்டு, எப்போது துடிப்பது, எப்போது கேட்பது என்று முறைபோட்டுக்கொள்கின்றன. மூவவத்தை மின்சாரத்தில் ஒவ்வோர் அவத்தையும் மூன்றிலொரு சுற்று பிந்தியே வரும். முறை பிசகினால் ஒன்று பேசும்போது மற்றதும் பேசும். அதைக் கணினியில் திருத்தினான். மின்பிறப்பாக்கியை ஓட்டவிட்டும் ஒருமுறை சோதித்தான்.

இரண்டாவது நூறு, மூன்றாவது நூறு. ஒன்றும் அலறவில்லை. முடிந்தது என்று நான் எழுந்தேன். அவன் காசாளர் பிள்ளைகள் இருவரையும் மறுநாள் காலை ஒரு மணித்தியாலம் முன்னதாக வரச்சொன்னான். அவர்களுடைய கைவேகத்தில் செய்து பார்த்தபோது மறுபடியும் இரண்டு அலறின. பொதி பெரிதாக இருந்து டேக் மேல்பக்கம் இருந்தால் பலகையின் புலம் அதுவரை எட்டாது. 'பீப்' சத்தம் கேட்கும்வரை பொருளைத் திருப்பிப் பிடிக்கப் பழக்கினான். வங்கி அட்டையைப் பலகையில் வைக்காதீர்கள், காந்தக்கோடு அழியும் என்றும் சொல்லிக்கொடுத்தான். நிறுவனம் அவனுக்கு ஒரு கடைக்கு ஒரு நாள்தான் கொடுத்திருந்தது. மற்ற அரை நாளுக்குச் சம்பளமில்லை, ஏச்சுத்தான்.

திரும்பும் வழியில் ஒலுவிலில் தேநீர் குடிக்க நின்றோம். ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறாய் என்று கேட்டேன்.

"மிசினுக்குக் கள்ளன் ஆரு, மறந்தவன் ஆரு எண்டு தெரியாது மாமா. உயிருள்ள டேக் ஒண்டு வாசலைத் தாண்டுது, அவ்வளவுதான் அது சொல்லுது. மற்றதெல்லாம் மனிசர் சொல்லுறது."

அவனுக்குத் தெரியாது, அந்தச் சொல் என்னை எங்கே தைத்தது என்று.

1998ஆம் ஆண்டு. நான் பத்திரிகையில் உதவி ஆசிரியனாக இருந்தேன். வெளியூர் நிருபர் ஒருவர் அனுப்பிய நான்கு வரிச் செய்தி மேசைக்கு வந்தது. துணிக்கடையில் பையோடு பிடிபட்ட ஒரு பெண்ணைப் பொலிஸில் ஒப்படைத்திருக்கிறார்கள். 'புடவை திருடிய பெண் கைது' என்று தலைப்பிட்டவன் நான். பெயர், வயது, ஊர் எல்லாம் போட்டோம். 'திருடியதாகக் கூறப்படும்' என்று எழுதினால் தலைப்பு ஒரு பத்தியில் அடங்காது. அதற்காகவே அந்தச் சொல்லை விட்டேன். அலறியது கடைவாசல்தான். திருடி என்று சொன்னது நான்.

நான்கைந்து மாதம் கழித்து அவருடைய கணவர் நீதிமன்றப் பத்திரத்தின் பிரதியோடு அலுவலகம் வந்தார். பொதி கட்டியவரே தவறுதலாக அந்தப் புடவையையும் சேர்த்துக் கட்டியிருக்கிறார். வழக்குத் தள்ளுபடியாகிவிட்டது. அவர் சண்டை பிடிக்கவில்லை. "முதல் போட்ட அதே இடத்தில, அதே அளவில போடுங்கோ" என்று மட்டும் கேட்டார். செய்தி ஆசிரியர் இணங்கவில்லை. உள்பக்கத்தில், மணமகள் தேவை விளம்பரங்களின் கீழே, இரண்டு வரி வந்தது. நானும் வற்புறுத்தவில்லை. புதியவன், வேலை பெரிது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிற்பாடு அவர்கள் அந்த ஊரைவிட்டே போய்விட்டதாக நிருபர் சொன்னார். காரணம் அதுதானா என்று நான் கேட்கவில்லை. கேட்கத் துணிவில்லை.

இன்று பத்திரிகைகூடத் தேவையில்லை. கடைக்காரரின் கமராவிலிருந்து முகநூலுக்கு ஒரு நிமிடம். 2023 ஒக்டோபரில் கொழும்பு பொரளையில் ஓர் அங்காடியில் திருட்டுச் சந்தேகத்தின் பேரில் ஒரு பெண்ணை ஊழியர்கள் தாக்கும் காணொளியை நாடே பார்த்தது. பின்னர் ஊழியர்கள் பலர் கைதானார்கள். அந்தப் பெண் எடுத்தாரா இல்லையா என்பதல்ல என் கேள்வி. எடுத்திருந்தாலும் அதற்கு அடியா தண்டனை?

பெருநாளுக்கு முதல்நாள் மருமகனோடு மறுபடி அந்தக் கடைக்குப் போனேன். நெரிசல். பிற்பகல் மூன்று மணியளவில் கம்பம் அலறியது. பேரப்பிள்ளையின் கையைப் பிடித்தபடி ஒரு முதிய பெண்மணி அப்படியே நின்றுவிட்டார். அந்த முகத்தை எனக்குத் தெரியும். 2007இல் என் முகம் அப்படித்தான் இருந்திருக்கும்.

காவலுக்கு நின்றவர் பையைத் தொடவில்லை. காசாளர் பிள்ளை எழுந்து வந்து, எல்லோருக்கும் கேட்கும்படி, "உம்மா, எங்கட மிசின்ல பிழை. ஒருக்கா இஞ்சால வாங்க" என்றது. மேசைக்கு அழைத்து, கதிரை கொடுத்து, பொருட்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். எங்கள் கடைப் பொருள் ஒன்றிலும் குறையில்லை. அலறியது, காலையில் வேறோர் ஊரில் வாங்கிய தலைமயிர் எண்ணெய்ப் பெட்டி. அங்கே டேக்கைக் கொல்லாமல் அனுப்பியிருக்கிறார்கள். அந்தப் பெட்டியையும் பலகையில் வைத்து எடுத்துக் கொடுத்தார்கள். இல்லாவிட்டால் அவர் போகிற கடையெல்லாம் அது அலறியிருக்கும். பேரப்பிள்ளைக்கு ஹாஜியார் ஒரு சொக்கலேட் கொடுத்தார்.

"உங்கள் கடையின் பிழை இல்லையே, ஏன் பிழை என்று சொன்னீர்கள்?" என்று அந்தக் காசாளர் பிள்ளையிடம் கேட்டேன்.

"தம்பிதான் அப்படிச் சொல்லச் சொன்னவர் சேர். சத்தம் போட்டது எங்கட வாசல்தானே."

அந்த வாரத்தில் உண்மையாகவே எடுத்தவர்களும் இரண்டு பேர் அகப்பட்டார்கள் என்று ஹாஜியார் பின்னர் தொலைபேசியில் சொன்னார். ஒருவன் வாசனைத்திரவியம். மற்றவர் ஒரு பால்மாப் பொதி. என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். முதலாமவனின் தகப்பனை அழைத்தாராம். இரண்டாமவரைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் பேச்சை மாற்றிவிட்டார். நானும் மேற்கொண்டு கேட்கவில்லை. இம்முறை கேட்காமல் விட்டது சரி என்றே நினைக்கிறேன்.

அன்று தலைப்பில் ஒரு சொல்லைச் சேர்க்க இடமில்லை என்று விட்டவன், இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு இந்தப் பக்கத்தில் இடத்துக்குக் குறைவில்லாமல் எழுதுகிறேன். அந்தத் தம்பதியரில் ஒருவர் உலகில் எங்கேனும் இருந்து இதை வாசிக்க நேர்ந்தால், பெயர் சொல்லாமலே தெரிந்துகொள்வார்கள். அம்மா, நீங்கள் திருடவில்லை. பிழை எங்கள் மேசையில் நடந்தது. அதைச் செய்தவன் நான்.